மாற்று வீட்டில் பத்துக் காலைகள்

ஏம்பலம்
5.5.2025

திருமதி மஞ்சுளா அவர்களுக்கு,

வணக்கம். நான் செல்வகுமாரி, தாரிணியின் அம்மா. நேற்று மாலை செங்கழனி இளைஞர் பேரவையின் வேனில் வந்து உங்கள் வீட்டில் இறங்கியிருக்கிற பத்து வயதுப் பெண் எனக்கு ஒரே பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் சுகன்யா இங்கே நன்றாக இருக்கிறாள். காலையில் ஐந்து இட்லி சாப்பிட்டுவிட்டு, பேரவைக்காரர்கள் சமுதாயக் கூடத்தில் நடத்தும் வகுப்புக்குப் போயிருக்கிறாள்.

இந்த மாற்று வீட்டு முகாமுக்கெல்லாம் நான் ஒத்துக்கொள்கிற ஆளே இல்லை. வயல் வீட்டுப் பிள்ளை பத்து நாள் கடற்கரையில் இருக்க வேண்டுமாம், கடற்கரைப் பிள்ளை பத்து நாள் வயல் வீட்டில் இருக்க வேண்டுமாம். பெற்றவள் பிள்ளையோடு போனில் பேசக் கூடாதாம், போய்ப் பார்க்கவும் கூடாதாம். பிள்ளையை வைத்திருக்கிறவளுக்கு வேண்டுமானால் கடிதம் எழுதலாமாம். பேரவைச் செயலாளர் பாக்யராஜ் அதை பைக்கில் கொண்டுவந்து கொடுப்பாராம். என் வீட்டுக்காரர் மணவாளன் என்னைக் கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். வேன் வாசலுக்கு வந்த பிறகு என்ன செய்வது?

சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். தாரிணிக்கு மாலை ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கொடுக்க வேண்டாம். பால், மோர், தர்பூசணி எதுவும் வேண்டாம். அவள் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அவள் தனியாகத்தான் படுப்பாள். பாயும் பெட்ஷீட்டும் அவள் பையிலேயே இருக்கின்றன. காலையில் அவளே சுருட்டி வைத்துவிடுவாள், நீங்கள் தொட வேண்டாம். இதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கம், வேறு ஒன்றும் இல்லை.

அவள் அதிகம் பேச மாட்டாள். என்னிடமே பேச மாட்டாள். அதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
ம. செல்வகுமாரி

---

வீராம்பட்டினம்
6.5.2025

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

மஞ்சுளா எழுதுவது. நான் எட்டாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் நேற்று சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் வந்தது. அதற்குள் பெண் தர்பூசணி சாப்பிட்டு முடித்துவிட்டாள். முதல் நாளும் சாப்பிட்டாள். கோபித்துக்கொள்ளாதீர்கள், எனக்குத் தெரியாது.

அதிகம் பேச மாட்டாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் வாய் மூடினால்தானே அக்கா! இப்போது மீன்பிடி தடைக் காலம். என் வீட்டுக்காரர் வீரப்பன் கடலுக்குப் போகாமல் வீட்டில்தான் இருக்கிறார். அவர் வலை பின்னுகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, "இது இன்னா, இது இன்னாத்துக்கு" என்று கேட்டுக் கேட்டு அவர் உயிரை எடுக்கிறாள். அவருக்கோ வாயெல்லாம் பல். எங்கள் சுகன்யா வலைப் பக்கமே வர மாட்டாள்.

தனியாகப் படுக்க வைக்கச் சொன்னீர்கள். புது வீடு, கடல் இரைச்சல் வேறு. பிள்ளை பயப்படுமே என்று என் பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொண்டேன். நான் தொட்டால் ஒன்றும் ஆகிவிடாது, எனக்கும் பெண் பிள்ளை இருக்கிறது.

ஒன்று சொல்ல மறந்தேன். பேரவை கொடுத்த தாளில், வீட்டம்மாவைப் பிள்ளைகள் அத்தை என்று கூப்பிட வேண்டும் என்று போட்டிருக்கிறார்கள். தாரிணி நேற்று ஒரு நாள் அத்தை என்றாள். இன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டே, "மஞ்சுளாம்மா, துண்டு குடுங்க" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சுகன்யா என்னைக் கேட்டாளா? ராத்திரி அழுதாளா? அழுதிருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
மஞ்சுளா

---

ஏம்பலம்
8.5.2025

திருமதி மஞ்சுளா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் உங்களுக்கு அக்கா என்று யார் முடிவு செய்தார்கள்? உங்கள் வயது எனக்குத் தெரியாது, என் வயது உங்களுக்குத் தெரியாது.

பேரவை அத்தை என்று போட்டிருந்தால் அத்தை என்றே கூப்பிடட்டும். அவர்கள் யோசித்துத்தான் போட்டிருப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு அம்மா போதும். என் வயிற்றைக் கிழித்து எடுத்த பிள்ளை அது. தழும்பு இன்னும் இருக்கிறது.

அவள் பேசுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன பேசுகிறாள்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா? அவள் சின்னப் பிள்ளை. வீட்டில் நடக்கிறதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வாள். எல்லாவற்றையும் நம்ப வேண்டாம்.

பக்கத்தில் படுக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குத் தொந்தரவு ஏதும் இல்லையே? பாய், பெட்ஷீட் எல்லாம் துவைக்கிற வேலை உங்களுக்கு வந்துவிடக் கூடாதே என்பதற்காகக் கேட்கிறேன்.

சுகன்யா அழவில்லை. மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், அதனால் எழுதுகிறேன். முதல் நாளும் அழவில்லை, நேற்றும் அழவில்லை. மாடி அறையை அவளுக்கே கொடுத்திருக்கிறேன். என் கூட மொபெட்டில் வயலுக்கு வருகிறாள். சொர்ணவாரிப் பருவ நடவுக்கு ஆள் இறங்கியிருக்கிறது. வரப்பில் நின்றுகொண்டு நாற்று முடி எடுத்து எடுத்துக் கொடுக்கிறாள். "சுகன்யா மாதிரி ஒரு பொண்ணு இருந்தா வூடு எப்டி இருக்கும்" என்று நடவு ஆட்களே சொல்கிறார்கள்.

அவள் தலையில் மட்டும் பேன். எடுத்துக்கொண்டிருக்கிறேன். என் பெண்ணுக்குத் தொற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ம. செல்வகுமாரி

---

வீராம்பட்டினம்
10.5.2025

செல்வி அக்கா,

எனக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. உங்களுக்கு முப்பத்தாறு என்று தாரிணி சொன்னாள். நீங்கள் அக்காதான்.

பேன் விஷயம். சுகன்யா உங்கள் வீட்டில், தாரிணி என் வீட்டில். இரண்டு பேரும் ஒரு நாள்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. பிறகு எப்படித் தொற்றும்? உங்கள் பெண் வரும்போதே தலை நிறையக் கொண்டுவந்தாள். சொன்னால் வருத்தப்படுவீர்களே என்று நான் எழுதவில்லை. நீங்கள் எழுதிவிட்டீர்கள். எழுதியதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் அவள் தலையில் சீப்பு போட்டேன்.

பாய் பற்றிக் கேட்டீர்கள். கடற்கரை வீடு, எந்நேரமும் காற்று. பாய் தினமும் வெயிலில்தான் கிடக்கும். எங்கள் வீட்டில் எல்லார் பாயும் அப்படித்தான். நீங்கள் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

இப்போது நான் ஒன்று கேட்க வேண்டும். நேற்று மதியம் ஐஸ் கம்பெனி சுவர் ஓரமாகப் பச்சைக் குடை பிடித்துக்கொண்டு ஒரு அம்மா ரொம்ப நேரம் நின்றதாகப் பக்கத்து வீட்டு வள்ளியம்மாள் சொன்னாள். "ஒன் வூட்டையே பாத்துக்னு நின்னாங்கடி. யாருன்னு கேக்கறதுக்குள்ள விறுவிறுன்னு பூட்டாங்க" என்றாள். நல்ல புடவையாம், கையில் பழப் பையாம். நீங்கள்தானா அக்கா? நீங்களாக இருந்தால் ஏன் உள்ளே வரவில்லை? விதி கிடக்கிறது விதி. நான் பாக்யராஜிடம் போய்ச் சொல்லவா போகிறேன்? ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் போயிருக்கலாம். அந்த நேரம் நாங்கள் எல்லோரும் வாசலில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

சுகன்யா நடவுக்கு வந்தாள் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். இங்கே ஒரு டம்ளரைக் கழுவி வைக்க மாட்டாள். பிள்ளைகள் வீட்டுக்கு எழுதலாம் என்று பேரவை கார்டு கொடுத்திருக்கிறதாமே. அம்மாவுக்கு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ஆறு நாள் ஆகிறது. ஒரு வரி.

மஞ்சுளா

---

ஏம்பலம்
11.5.2025

மஞ்சுளா,

ஆமாம். நான்தான்.

வெள்ளிக்கிழமை. அரியாங்குப்பம் வரை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்தேன். நடவு ஆட்களைக் களத்துமேட்டில் விட்டுவிட்டு, கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்தேன். தூரத்திலிருந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பழத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தேன். உள்ளே வரத்தான் வந்தேன்.

நீங்கள் மீனில் முள் எடுத்து எடுத்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். அவள் வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டிருந்தாள். உங்கள் வீட்டுக்காரர் என்னவோ சொன்னார், அவள் சோறு சிதறச் சிதறச் சிரித்தாள். நான் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள். மூன்று வருஷமாக என் கையால் ஒரு வாய் வாங்கியதில்லை. வயிறு எரிகிறது எரிகிறது என்பார்களே, நிஜமாகவே எரிந்தது. பழத்தை ஆட்டோக்காரரிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

உங்களிடம் அப்படி என்ன இருக்கிறது, என்னிடம் இல்லாதது? எல்லாம்தானே செய்கிறேன் அவளுக்கு. அவள் ஒருத்திக்காகத்தானே இந்த வெயிலில் சேற்றில் நிற்கிறேன்.

நீங்கள் கேட்ட ஒரு வரியைச் சுகன்யாவிடம் எழுதச் சொன்னேன். எழுதவில்லை. அவள் சொன்னதை நானே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். நேற்று அவளை வில்லியனூருக்கு வளையல் வாங்க பஸ்ஸில் அழைத்துப்போனேன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா மீன் கூடையோட ஏறுனா பஸ்ல எல்லாரும் மூக்கப் பொத்திக்குவாங்க ஆண்ட்டி. ஒங்ககூட வந்தா யாருமே பொத்தல." கொஞ்ச நேரம் கழித்து, "நா இங்கியே ஸ்கூல்ல சேந்துக்கட்டுமா?" என்று கேட்டாள்.

உங்களுக்குத் தெரிய வேண்டும் என்று எழுதினேன்.

செல்வகுமாரி

---

வீராம்பட்டினம்
13.5.2025

ஏம்பலம் அம்மாவுக்கு,

இனி அக்கா என்று எழுத மாட்டேன்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை படிக்க முடியவில்லை. அந்தக் கூடைதான் என் பெண்ணுக்குச் சோறு, ஷூ, டியூஷன் எல்லாம். மூக்கைப் பொத்துகிறவர்களைப் பதினைந்து வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் பஸ் ஏறுகிறேன். அவர்கள் பொத்தினால் எனக்கு ஒன்றும் இல்லை. என் பெண் அதை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். நீங்கள் எனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதவில்லை. வலிக்க வேண்டும் என்று எழுதினீர்கள். வலிக்கிறது. போதுமா?

சரி. உங்களுக்கும் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதக் கூடாது என்று ஒன்பது நாளாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

முதல் நாள் காலையில் உங்கள் பெண் படுத்திருந்த பாய் நனைந்திருந்தது. நான் எழுந்து பார்க்கும்போது, அந்த ஈரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு பையிலிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் காலைப் பிடித்துக்கொண்டாள். "கேட்ல மாட்டாதீங்க அத்த, கேட்ல மாட்டாதீங்க" என்று அழுதாள். எனக்குப் புரியவே இல்லை. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். நீங்கள் நனைந்த பாயை வாசல் கேட்டில், தெருவைப் பார்த்த மாதிரி மாட்டி வைப்பீர்களாமே. கூடப் படிக்கிற பிள்ளைகள் டியூஷன் போகும்போது பார்க்கிற மாதிரி. பத்து வயதுப் பெண்ணம்மா அது! பேரவைத் தாளில் 'உடல் தொந்தரவு ஏதும் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் கொடுக்காதே, தொடாதே, தனியாகப் படுக்க வை என்று எனக்குச் சட்டம் போட்டீர்கள்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த முதல் நாளோடு சரி. அதற்குப் பிறகு எட்டு நாளும் என் வீட்டில் பாய் நனையவே இல்லை. தர்பூசணி சாப்பிட்டாள், மோர் குடித்தாள், என் பக்கத்திலேயே படுத்தாள். ஒரு சொட்டு இல்லை.

என்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே. இதுதான்.

நாளை பாகூர் மைதானத்தில் பேரவையின் பெற்றோர் மாலைக் கூட்டம். உங்கள் பிள்ளையை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள். என் பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். கூடையோடு வர மாட்டேன், பயப்பட வேண்டாம்.

மஞ்சுளா

---

ஏம்பலம்
20.5.2025

மஞ்சுளா,

உங்கள் போன் நம்பர் பேரவைத் தாளில் இருக்கிறது. முகாம் முடிந்துவிட்டது, பேசலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. உங்கள் குரலைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இன்று பேரவையின் குடும்ப மாலைக் கூட்டம் நடத்த இங்கே பாக்யராஜ் வந்திருக்கிறார். நாளை உங்கள் பக்கம் வருகிறாராம், அவரிடமே இதைக் கொடுக்கிறேன்.

பாகூர் மைதானத்தில் உங்களைப் பார்த்தும் பேசாமல் வந்தேன். ஒவ்வொரு பிள்ளையும் தன்னை வைத்திருந்த வீட்டம்மாவுக்கு ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் ஊட்டிவிட்டு, பெற்றவளிடம் நடந்து வர வேண்டும் என்றார்கள். மற்ற பிள்ளைகள் ஊட்டிவிட்டு ஓடி வந்தன. சுகன்யாகூட எனக்கு ஊட்டிவிட்டு உங்களிடம் நடந்துதான் வந்தாள். தாரிணி உங்களுக்கு ஊட்டிவிட்டு உங்கள் முந்தானையைப் பிடித்தபடி நின்றாள். பாக்யராஜ் மைக்கில், "தாரிணி, அம்மாகிட்ட போம்மா" என்று இரண்டு தடவை சொன்னார். இரண்டாம் தடவை சொன்னபோது மைதானமே என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் அப்போது என்ன நினைத்தேன் தெரியுமா? உங்களுக்கு ஏதாவது ஆகிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்படியெல்லாம் நினைக்கிற பொம்பளை இல்லை நான்.

கேட்டில் மாட்டியது நிஜம். இரண்டு வருஷம் டாக்டரிடம் நடந்தேன். வளர வளரச் சரியாகிவிடும் என்றார். வளர்ந்துகொண்டே இருந்தாள், சரியாகவில்லை. வெட்கம் வந்தால் நின்றுவிடும் என்று உறவுக்காரி ஒருத்தி சொன்னாள். நான்கு தடவை மாட்டினேன். ஐந்தாம் தடவை மாட்டப் போனபோது அவளே வந்து எடுத்து மாட்டினாள். அன்றிலிருந்துதான் என்னிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை, நம்புங்கள். பழைய பாயை வெட்டி எருக்குழியில் போட்டேன். புதுப் பாய் வாங்கினேன். அவள் கேட்காமலே மோர் கொடுத்தேன். என் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டேன். வந்த நாளிலிருந்து ஒரு காலைகூடப் பாய் காய்ந்திருக்கவில்லை. எழுந்து உட்கார்ந்துகொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்பைப் பார்த்தும் பயப்படுகிறாள்.

உங்களிடம் காய்கிறது, என்னிடம் நனைகிறது. இதற்கு மேல் எந்த டாக்டரைப் போய்க் கேட்பது? நோய் அவளிடம் இல்லை. நான்தான்.

அதனால் ஒரு முடிவு எடுத்துவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறேன். லீவு முடியும் வரைக்கும் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்தில் டிசி வாங்கி, அங்கேயே பக்கத்தில் சேர்த்துவிடலாம் என்று மணவாளனிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தாரிணியிடமும் சொன்னேன். "மஞ்சுளாம்மா வூட்டுக்குப் போறியா, அங்கியே படிக்கிறியா?" என்று கேட்டேன். தலையைத் தூக்காமல் "சரிம்மா" என்றாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா?

அவள் துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்துவிட்டேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

செல்வகுமாரி

---

வீராம்பட்டினம்
22.5.2025

அக்கா,

அனுப்பாதீர்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன். பெண்ணை அனுப்பாதீர்கள்.

போனில் சொன்னால் நடுவில் நீங்கள் கட் பண்ணிவிடுவீர்கள், இல்லையென்றால் நான் பண்ணிவிடுவேன். அதனால் இதையும் எழுதியே பாக்யராஜிடம் கொடுக்கிறேன். இன்றைக்கே போய்ச் சேர வேண்டும் என்று கெஞ்சிச் சொல்லியிருக்கிறேன்.

நான் எழுதியது பொய்.

முதல் நாளோடு நிற்கவில்லை அக்கா. பத்துக் காலையில் ஏழு காலை நனைந்தது. என் பக்கத்தில் படுத்தும் நனைந்தது, தர்பூசணி கொடுக்காத நாளும் நனைந்தது. காய்ந்தது மூன்றே நாள். அந்த மூன்று நாளும் ஏன் காய்ந்தது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் ஒரு மந்திரமும் இல்லை, மருந்தும் இல்லை. நான் திட்டவில்லை, அவ்வளவுதான். திட்டாமலேயே ஏழு நாள் நனைந்தது.

சுகன்யா பஸ்ஸில் சொன்னதை நீங்கள் எழுதினீர்களே, அன்றைக்கு எனக்குக் கண் மண் தெரியவில்லை. என் பிள்ளையை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள், உங்கள் பிள்ளையை நான் எடுத்துக்கொண்ட மாதிரி ஒன்று எழுத வேண்டும் என்று தேடினேன். இது கிடைத்தது. எழுதும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் படித்துவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இன்னும் ஒன்று. உங்கள் கடிதம் நேற்றுக் காலையிலேயே வந்துவிட்டது. உடனே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. நேற்று முழுக்க அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். தாரிணி வருகிறாள், இங்கேயே படிக்கப்போகிறாள், மஞ்சுளாம்மா மஞ்சுளாம்மா என்று கூப்பிடப்போகிறாள் என்று பரண் மேலிருந்த புதுப் பாயைக்கூட இறக்கித் துடைத்து வைத்தேன். சுகன்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். "அவ வந்தா நா இன்னாம்மா பண்றது?" என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். ஐஸ் கம்பெனி சுவர் ஓரம் குடையோடு நின்ற உங்கள் முகம் அக்கா அது. வீரப்பனிடம் எல்லாம் சொன்னேன். "அந்த அம்மாகிட்ட பொய்யா எழுதுன? போடி, மொதல்ல போய் எழுது" என்று வலையைக் கீழே போட்டுவிட்டு எழுந்து போனார். இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

நீங்கள் எழுதியது நிஜம். சுகன்யாவைக் கேட்டேன், "ஆமாம்மா, சொன்னேன்" என்றாள். நான் எழுதியதுதான் பொய். அதனால் நான்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மறைத்தது இன்னும் ஒன்று இருக்கிறது. அதையும் எழுதிவிட்டால் என் நெஞ்சு காலியாகிவிடும். எட்டாம் நாள் காலையில், நனைந்த பெட்ஷீட்டை நான் அலசிக்கொண்டிருந்தபோது தாரிணி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள்: "எங்கம்மா தெனம் ரெண்டு மணிக்கு அலாரம் வெச்சி என்ன எழுப்புவாங்க. அப்பறம் அவங்களுக்குத் தூக்கமே வராது. காலையில நடவுக்குப் போவாங்க. நா இங்க இருக்கசொல்ல எங்கம்மா நல்லா தூங்குவாங்க இல்ல?" என்று கேட்டாள். உங்களிடம் ஏன் 'சரிம்மா' என்று சொன்னாள் என்று இப்போதாவது புரிகிறதா அக்கா? இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். எழுத மனசு வரவில்லை. அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு உங்களை நினைத்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம். அந்தப் பையைப் பிரித்துத் துணியை அலமாரியில் வையுங்கள்.

மஞ்சுளா

---

ஏம்பலம்
24.5.2025

மஞ்சுளா,

உன் கடிதம் நேற்றுக் களை எடுக்கிற இடத்துக்கே வந்து சேர்ந்தது. வரப்பில் உட்கார்ந்து படித்தேன். நீ பொய் சொன்னதற்கு எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு வாரமாகச் செத்துப் பிழைத்திருக்கிறேன், உன்னை நாலு அறை அறைய வேண்டும். ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? 'ஏழு காலை நனைந்தது' என்று எழுதியிருந்தாயே, அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஏழு! பத்தில் ஏழு! வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். களை எடுக்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னா செல்வி, லாட்டரி வுழுந்துச்சா?" என்று செங்கமலம் கேட்டாள். தன் பிள்ளை ஏழு நாள் பாயை நனைத்தாள் என்று கேட்டு எந்தத் தாயாவது சந்தோஷப்படுவாளா? நான் பட்டேன். சிரித்து முடித்த பிறகுதான் அழுகை வந்தது.

வீட்டுக்குப் போய் அவள் எதிரிலேயே பையைப் பிரித்தேன். "எங்கியும் போக வோணாம்டி. நீ இல்லன்னாதான் எனக்குத் தூக்கம் வராது" என்றேன். அவள் ஒவ்வொரு துணியாக எடுத்து என் கையில் கொடுத்தாள்.

சுகன்யாவை நான் ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை. அவள் வில்லியனூர் வளையல் கடையில் முதலில் எடுத்தது உன் அளவு வளையல்தான். உன்னிடம் கொடுத்தாளா? கொடுக்காமல் வைத்திருந்தால் நீயாகக் கேட்காதே. இதை நானும் அன்றைக்கு எழுதாமல் மறைத்தேன்.

இன்று காலையும் நனைந்திருந்தது. நான் பெட்ஷீட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனேன். தாரிணி பின்னாலேயே வந்தாள். இரண்டு பேரும் அலசினோம். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான் பிடித்து முறுக்கினேன். தண்ணீர் கொட்டியது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவளாகவே என்னிடம் பேச்சை ஆரம்பித்தாள். என்ன சொன்னாள் தெரியுமா?

"மஞ்சுளாம்மா இன்னும் நல்லா முறுக்குவாங்கம்மா" என்றாள்.

எனக்கு எப்படிப் பற்றிக்கொண்டு வந்தது என்று நீயே நினைத்துப் பார். "கெட்டியாப் புடிடி" என்று சொல்லிவிட்டு, கை நரம்பெல்லாம் புடைக்க இன்னும் இரண்டு முறுக்கு முறுக்கினேன்.

அக்கா,
செல்வகுமாரி